ஈர முன்னங்கால்

சடைச்சி என்ற கரடிக்கு இரண்டு வயதில் ஒரு குட்டி இருந்தான். பெயர் பூவன். அவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஓடையின் இரைச்சலைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். பால் மறந்தபின் பழச்சாறுதான் அவன் தாகத்தைத் தணித்தது. அந்தக் கோடையில் பழங்களும் தீர்ந்துவிட்டன.

இரண்டே நாளில் அவன் நாக்கு வறண்டு, கண்கள் குழிவிழுந்தன. சடைச்சி பதறிப்போய் அவனை ஓடைக்கு இழுத்தாள். அவன் மண்ணில் புரண்டு கதறினான்.

"ரெண்டு அடி போடு, தானா குடிப்பான். எல்லாம் நீ குடுக்கிற செல்லம்," என்றாள் மரத்திலிருந்த மந்தி.

"அவன் அடம்பிடிக்கலக்கா, பயப்படுறான்," என்றாள் சடைச்சி.

குட்டியைக் குகையில் படுக்கவைத்தாள். தான் மட்டும் ஓடைக்குப் போய், முன்னங்கால்களை நனைத்து வந்து, கொதிக்கும் அவன் நெற்றியைத் தடவினாள். ரோமத்திலிருந்து ஒரு சொட்டு அவன் உதட்டில் விழுந்தது. பூவன் அதை நக்கினான். பிறகு அவள் காலையே இழுத்துப் பிடித்து நக்கினான்.

சடைச்சி மறுபடி ஓடினாள். பொழுது சாய்வதற்குள் எத்தனை நடை நடந்தாளோ! பார்த்துக்கொண்டிருந்த மந்தி இறங்கி வந்தாள்.

"நீ கொஞ்சம் உக்காரு. நான் பாசியை நனைச்சுக் கொண்டாரேன்."

மறுநாள் வெயில் ஏறியபோது, அசந்து படுத்திருந்த சடைச்சியின் முன்னங்காலைப் பூவன் தட்டினான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் தட்டினான்.

சடைச்சி துள்ளி எழுந்தாள்.

"அக்கா! எம்புள்ள தண்ணி கேக்கிறான்!"