மறுபடியும் அதே ஊருக்கா?

“லாரி டிரைவரைக் கட்டிக்கிட்டு, டூர் பஸ்ஸுல ஊர் சுத்தப் போற பொம்பளையை இப்பத்தான் பார்க்கறேன்” என்றாள் அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றபடி.

அவளுடைய தம்பி, அதாவது அந்த டிரைவர், குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி மேஜைமேல் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு விரலால் வழி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள வாங்க அண்ணி. நின்னுக்கிட்டே திட்டினா கால் வலிக்கும்.”

அக்கா உள்ளே வந்தாள். உட்கார்ந்து திட்டினாள்.

“அதுவும் எந்த ஊருக்கு? வருஷம் பூரா இவன் லோடு அடிக்கிற அதே வடக்கு ஊருக்கு. கோடையில கிடைக்கிறதே ஒரே ஒரு லீவு. மனுஷன் காலை நீட்டிப் படுக்க வேணாமா?”

“வந்து படுத்துக்கட்டும். முதல்ல போயிட்டு வரணும்.”

“அவனுக்கு அலுத்துப்போன ஊரும்மா அது.”

“எனக்கு அலுக்கலையே அண்ணி. நான் பார்த்ததே இல்லையே.”

“உன் ஆசைக்கு என் தம்பியை இழுத்துக்கிட்டுப் போறியா?”

“ஆமா. இழுத்துக்கிட்டுத்தான் போறேன்.”

இல்லை என்று மறுத்தால் சண்டையை வளர்க்கலாம். ஆமாம் என்று ஒப்புக்கொள்கிறவளிடம் என்ன செய்வது? அக்கா கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வேறு பக்கமாக வந்தாள்.

“சரி, போங்க. ஒரு கார் எடுத்தா இவனே ராஜா மாதிரி ஓட்டிக்கிட்டுப் போக மாட்டானா? கம்பெனிக்காரன் அவ்வளவு பெரிய வண்டியை இவனை நம்பிக் குடுக்கறான். கட்டினவளுக்கு நம்பிக்கை இல்லை.”

“இவர் ஓட்டினா நான் வரலை. பஸ்ஸுதான்.”

டிரைவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். அவர் ஏற்றுவது பீங்கான் சாமான். வாஷ்பேசின், குளியல் தொட்டி.

“இத்தனை வருஷத்துல ஒரு வாஷ்பேசின்ல கீறல் விழுந்ததில்லை” என்றார் மெல்ல.

“நாங்க வாஷ்பேசின் இல்லீங்க” என்றாள் மனைவி.

மகள் மூலையில் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். “விடுங்க அத்தை. எதுல போனா என்ன? அங்க அப்பாவுக்குத் தெரியாத இடமே கிடையாது. கரடி மீன் பிடிக்கிற ஏரி, அருவி, எல்லாம் தெரியும்.”

டிரைவர் மறுபடியும் தட்டைப் பார்த்துக் குனிந்தார்.

அவருக்குத் தெரிந்த வடக்கு ஊர் ஒரு கோடவுன், ஓர் எடை மேடை, ஒரு டீசல் பங்க். அவ்வளவுதான். சரக்கு இறங்கியதும் கேபின் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவார். எழுந்தால் ரிட்டர்ன் லோடு காத்துக்கொண்டிருக்கும். வரும் வழிக் காட்டில் கரடி உண்டு என்று பங்க்காரர் சொல்லக் கேட்டதோடு சரி.

மகள் சின்னவளாக இருந்தபோது மடியில் ஏறி, “அங்க என்னப்பா பார்த்தே?” என்று கேட்டாள். கோடவுன் சுவர் என்று சொல்ல மனசு வரவில்லை. கரடி விடுவது என்பார்களே, அவர் நிஜமாகவே கரடியைத்தான் விட்டார். அடுத்த வாரம் ஏரியை விட்டார். அதற்கடுத்து அருவி. விட்டதைத் திரும்பப் பிடிக்க வழி தெரியவில்லை.

இப்போது கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார்.

“வெயில் காலத்துல அங்க கொசு குருவி சைஸுக்கு இருக்கும்.”

“போர்த்திக்கலாம்.”

“துருவத்துப் பக்கம்ல, ராத்திரி ரொம்ப நேரம் வெளிச்சமாவே இருக்கும். தூக்கம் வராது.”

“நல்லதாப் போச்சு. கூடக் கொஞ்சம் பார்க்கலாம்.”

“கரடி...”

“அது உங்களுக்குப் பழக்கமான கரடிதானே.”

அக்கா எழுந்தாள். “என் தம்பி வாயில்லாப் பூச்சி. உன்கிட்ட மாட்டிக்கிட்டான்.”

“மாட்டிக்கிட்டவரை நானே பார்த்துக்கறேன் அண்ணி. டிக்கெட் எடுத்தாச்சு. யாரு தலைகீழா நின்னாலும் மாத்தறதா இல்லை.”

அக்கா விறுவிறுவென்று இறங்கிப் போனாள். மகள் அவளைத் தெருமுனைவரை விட்டுவர ஓடினாள்.

மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். டிரைவர் தட்டோடு அவள் பக்கத்தில் போய் நின்றார்.

“அந்த ஏரிக்குப் போற ரோடு... இப்ப மூடிட்டாங்க.”

“ரோட்டை மட்டும் மூடினாங்களா, ஏரியையும் சேர்த்தா?”

அவர் தட்டைக் கீழே வைத்தார். “பொண்ணு முன்னாடி என் மானத்தை வாங்கிடாதே. அது ஒண்ணுதான் கேட்கறேன்.”

மனைவி குழாயை மூடினாள்.

“எனக்குச் சொன்னதே அவதாங்க. குளிர் காலம் பூரா கரடி குகைக்குள்ள தூங்குமாம், ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்களாம். உங்க கரடி மட்டும்தான் கொட்டற பனியில வாரம் தவறாம மீன் பிடிச்சுது. ‘அப்பா பாவம்மா, ஒண்ணுமே பார்த்ததில்லை. நாமதான் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டணும்’னு அன்னிக்கே சொல்லிட்டா. இப்ப அத்தை முன்னாடி உங்களை விட்டுக்குடுக்கலை, அவ்வளவுதான்.”

டிரைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“அப்ப நானே ஓட்டறேனே. அக்கா சொல்றதும் நியாயம்தானே. பஸ் எதுக்கு?”

“முடியாது. அந்தக் காட்டுக்குள்ள இத்தனை வருஷம் போயிட்டு வந்து நீங்க பார்த்தது ரோடு ஒண்ணைத்தான். இந்தத் தடவை ரோட்டை வேற ஒருத்தர் பார்த்துக்கட்டும்.”