பழைய பாலமே போதும்

பழைய பாலத்தைப் பழுது பார்ப்பதா, புதுசு கட்டுவதா? புதுசு வேண்டுவோர் கை தூக்கலாம் என்றார் பொறியாளர் சந்திரமோகன்.

காரிமங்கலம் பக்கத்து அந்த ஊரில் தூக்காதவை பால்கேன் பிடித்திருந்த கைகள் மட்டும்தான்.

அவர் முகம் வாடிப்போனது.

உடைந்ததைச் சரிசெய்தாலே நாடு பாதி உருப்படும் என்பது அவர் கொள்கை. ஆனால் அடைத்த குழிக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. அவர் அனுப்பிய பழுதுக் கோப்புகளெல்லாம் மேலே போய் மோட்சம் அடைந்திருந்தன. இந்த ஊர் மனசு வைத்தால் ஒன்றாவது பிழைக்கும்.

புதுப் பாலம் ஊருக்கு வெளியே வரும், வண்டியெல்லாம் அந்த வழியாகப் பறக்கும் என்று கட்சிக் கிளைச் செயலாளர் வீரமணி விளக்கினார். கல்வெட்டில் தன் பெயர் எந்த வரியில் என்பதுவரை முடிவுசெய்திருந்தார்.

அப்போதுதான் குள்ளம்மாள் எழுந்தாள். பாலத்தை ஒட்டி அவளுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு.

“வண்டியெல்லாம் வெளிய போயிட்டா நாங்க என்னாங்க பண்றது? பழசையே பூசிக் குடுங்க சார். குழி ஒன்னு இல்லாம, வூட்டு வாசலாட்டம் மொழுமொழுன்னு. தை பொறக்கறதுக்குள்ள.”

கூட்டம் ஒரு கணம் யோசித்தது. பிறகு நிலம் உள்ளவர்களின் கைகள் ஒவ்வொன்றாக இறங்கின; அவற்றைப் பார்த்து மற்றவையும். கடைசியாக நின்றது வீரமணியின் கை. அதையும் அவர் மனைவி இறக்கிவிட்டார்.

சந்திரமோகனுக்குக் கண் கலங்கியது. பொதுப்பணத்தின் அருமை தெரிந்த ஊர் என்று கோப்பில் எழுதினார். மேலதிகாரி நம்பாமலேயே கையெழுத்துப் போட்டார்.

தை பிறந்தது. முடிந்த வேலையை ஆய்வு செய்ய அவர் ஜீப்பில் வந்தார்.

பாலம் இருந்தது. சாலையைத்தான் காணவில்லை.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கணுக்கால் உயரத்துக்குக் காய்ந்த கொள்ளுச்செடி பரப்பியிருந்தது. முன்னால் போன டவுன் பஸ் அதன்மேல் ஏறி, காய் நொறுங்க, மணி உதிர, ஊருக்கே கதிரடித்துவிட்டுப் போனது. உதிர்ந்த கொள்ளு போய் ஒளிந்துகொள்ள ஒரு குழி இல்லை.

ஓரத்தில் முறத்தோடு நின்ற குள்ளம்மாள் கைகாட்டி ஜீப்பை நிறுத்தினாள்.

“இப்ப நடுவால போங்க சார். திரும்பி வர்றப்ப ஓரமா வந்தீங்கன்னா அந்தப் பக்கமும் முடிஞ்சிரும்.”

அன்று சந்திரமோகன் அந்தப் பாலத்தை நாலு தடவை ஆய்வு செய்தார்.