சூடு தாங்கும் சரக்கு

இயக்குநர் கையை உயர்த்தினார். கூடம் அடங்கியது. தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும் மரியாதை தெரியாமல் தொடர்ந்தது.

கொதிநீர்த் தொட்டியில் ஒரு டியூப் செருகியிருந்தது. அவர் சொல்வதை நம்பினால், துணி உலகத்தின் எதிர்காலமே அதற்குள்தான் வெந்துகொண்டிருந்தது.

"சாதாரண என்சைம்னா இந்நேரம் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெந்து போயிருக்கும். என் என்சைம் அப்படி இல்ல. ஒவ்வொரு மடிப்பா செதுக்கியிருக்கேன்."

'என்' என்று சொல்லும்போது அவர் குரல் தனக்குத்தானே பொன்னாடை போர்த்திக்கொண்டது.

சுவரோரம் நின்ற மச்சினிக்குப் பல்லைக் கடித்ததில் காது வலித்தது.

செதுக்கியவள் அவள். புரதம் என்பது மடித்து வைத்த நூல் மாதிரி. சூடு பட்டால் மடிப்புக் கலையும். கலைந்தால் அதற்கு வேலை ஓடாது. எந்த மடிப்பு முதலில் நெகிழ்கிறது என்று தேடித் தேடி, அங்கங்கே ஒரு கண்ணியை மாற்றி இறுக்கி, கொதிநீரிலும் குலையாத ஒன்றை உண்டாக்கியிருந்தாள். அதற்கு அவளுக்குப் பிடித்த வருஷங்களில் இயக்குநர் ஆய்வகத்துக்கு வந்ததெல்லாம் ஏசி நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க.

வீட்டில் அவர் அத்தான். அக்காவின் கணவர். இங்கே சார்.

நேற்றுதான் சார் தீர்ப்புச் சொல்லியிருந்தார். காப்புரிமை அவர் பெயரில் மட்டும் போகும். துணி ஆலையோடு விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தானதும் அவள் கழிவுநீர்ப் பிரிவுக்குப் போய்விடலாம்.

"குடும்பத்துல ஒருத்தர் பேரு வந்தா போதாதா?"

அக்காவிடம் போய் அழுதாள். "அவருக்கு பிரஷர் இருக்குடி, விட்டுத்தான் குடேன்" என்று அக்கா டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

ஆகவே அவளுக்கு இன்று ஒரே வேண்டுதல். இந்த மனுஷனுக்கு ஊர் பார்க்க மூக்குடைய வேண்டும். தான் பெற்ற பிள்ளை மாதிரியான அந்த என்சைமும் சேர்ந்து தோற்றுப்போகுமே என்றால், போகட்டும்.

இயக்குநர் இரண்டு கண்ணாடிக் குவளைகளை முன்னால் நகர்த்தினார். இரண்டிலும் ஆறிய கஞ்சி. நெய்யுமுன் நூலுக்குப் போட்டு, நெய்தபின் துணியிலிருந்து நீக்குகிற கஞ்சிதான். கஞ்சி இருக்கிற இடத்தில் அயோடின் விழுந்தால் நீலமாகும். என்சைம் உயிரோடிருந்து கஞ்சியைத் தின்று தீர்த்திருந்தால், அயோடின் தன் மஞ்சளிலேயே கிடக்கும்.

முதல் குவளையில் ஒரு சொட்டு விட்டார். மைப்புட்டி கவிழ்ந்தாற்போல் நீலம்.

"இது என்சைம் கிடைக்காத ஏழைக் கஞ்சி!"

கணக்கு அதிகாரி மட்டும் சிரித்தார். அவருக்குச் சம்பள உயர்வு பாக்கி இருந்தது. என்சைமை வாங்க வந்திருந்த துணி ஆலைக்காரம்மாவின் முகத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை. தேநீரையும் அவர் தொடவில்லை.

டியூபிலிருந்து சில சொட்டுகளை இரண்டாவது குவளையில் விட்டுக் கலக்கினார் இயக்குநர். என்சைம் தின்னுவதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தை, தான் வெளிநாட்டில் கைகுலுக்கிய விஞ்ஞானிகளின் உயரத்தைச் சொல்லி நிரப்பினார்.

பிறகு அயோடினை எடுத்தார்.

மச்சினி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஆகு. நீலமாகு. நாசமாய்ப் போ.

சொட்டு விழுந்தது.

மஞ்சள்.

கலக்கினார். மஞ்சளாகவே கிடந்தது.

கைதட்டல் கிளம்பியது. கணக்கு அதிகாரி எழுந்து நின்றே தட்டினார்.

அவள் குவளையையே வெறித்தாள். இப்படி நடக்கக் கூடாது. நடக்கவே முடியாது.

அந்த ஆரவாரத்தில் அத்தான் பக்கத்தில் வந்து, யாரையோ பார்த்துச் சிரித்தபடியே குனிந்தார்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? உன் சரக்கை நம்பி நான் மேடை ஏறுவேன்னு நெனச்சியா? அந்த ரெண்டாவது கிளாஸ்ல காலையிலயே துப்பிட்டேன். எச்சிலே கஞ்சியத் தின்னுடும். பள்ளிக்கூடத்துல படிச்சதுதானே!"

அறிவியலுக்கு அவர் சொந்தமாகச் சுரந்து கொடுத்த முதல் பங்களிப்பு அது.

கத்திவிடலாம். இந்தக் கூடமே கேட்கும்படி, இந்த ஆள் துப்பிய கஞ்சிக்கா கை தட்டுகிறீர்கள் என்று. வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

ஆலைக்காரம்மா எழுந்து வந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. அந்த டியூப்ல மீதி இருக்கறதை அப்படியே சீல் பண்ணிக் குடுங்க. எங்க லேப்ல பாத்துட்டு கையெழுத்து போடறேன்."

இயக்குநரின் சிரிப்பு ஒரு கணம் வழியில் நின்றுபோன வண்டிபோல் நின்றது. உடனே முன்னைவிட அகலமாகக் கிளம்பியது. மச்சினியின் தோளைப் பிடித்து எல்லார் முன்னாலும் இழுத்து நிறுத்தினார்.

"தாராளமா, மேடம்! ஆனா ஒண்ணு, உண்மையச் சொல்லிடணும். இதைச் செஞ்சது நான் இல்ல. இதோ, என் மச்சினி. அந்த டியூப்ல இருக்கறது முழுக்க முழுக்க அவ உழைப்பு. லேபிள்ல உன் பேரைப் போடும்மா. கூச்சப்படாம பெரிசா போடு."

கூடம் நெகிழ்ந்தது. கணக்கு அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். இப்படிப்பட்ட மேலதிகாரி யாருக்குக் கிடைப்பார் என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்.

ஆலைக்காரம்மா தன் பேனாவையே நீட்டினார்.

அவள் எழுதினாள். முதலெழுத்து, முழுப் பெயர், பட்டம். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து நின்றதைப் பார்த்தவர்கள் ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அசல் என்சைம் அவள் அறை ஃப்ரிட்ஜில் பத்திரமாக இருந்தது. டியூபில் இருந்தது, காலையில் யாரும் வருமுன் கைகழுவும் தொட்டிக் குழாயில் அவள் பிடித்து ஊற்றிய பச்சைத் தண்ணீர். அத்தனை நேரம் கொதித்தும் அது கொஞ்சமும் குணம் மாறவில்லை.