பானட்டின் மேல் சியாச்சின் மெடல்

யோகராஜ் ஜீப்பின் பானட்டில் ஏறி ஆடிக்கொண்டிருந்தார்.

புதிதாகத் தைத்த பேன்ட். வெள்ளைச் சட்டை. இடது மார்பில், ராணுவத்திலிருந்து அன்று காலைத் தபாலில் வந்திறங்கிய சியாச்சின் மெடல். அவர் குதிக்கும்போதெல்லாம் அதுவும் குதித்தது.

"அண்ணே, எறங்குண்ணே! பெயின்ட்டு போச்சு!" ஜீப்புக்காரர் லிங்கேஸ்வரன் கீழே நின்று கத்தினார். கத்திக்கொண்டே அவரும் ஆடினார்.

குரங்கணி ஜீப் ஸ்டாண்டிலிருந்து அன்று மலைக்கு லோடு எதுவும் ஏறவில்லை. முத்தாலம்மன் திருவிழாவுக்கு வந்துவிட்டுப் போடி பஸ்சுக்குக் காத்திருந்த மேளக்காரர்களை, யோகராஜின் மனைவி மகாராணி கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். பஸ் வந்தது. ஆரன் அடித்துப் பார்த்தது. காலியாகத் திரும்பிப் போனது.

ஏலக்காய் எடுக்கப் போகவேண்டிய பெண்கள் தூக்குவாளிகளை ஓரமாக வைத்துவிட்டுக் குலவை போட்டார்கள்.

யோகராஜின் டீக்கடையில் எல்லோருக்கும் டீ இலவசம். பாய்லரைப் பார்க்க ஆளில்லாததால் அவரவரே போட்டுக் குடித்தார்கள். யாரோ சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டார்கள். அதையும் குடித்துவிட்டு ஆடினார்கள்.

ஒருவன் மட்டும் ஆடவில்லை.

மாரீஸ்வரன். லிங்கேஸ்வரனின் மகளைக் கட்டி ஒரு மாதம்கூட ஆகாத மருமகன். சிலமலைக்காரன், ராணுவத்தில் இருப்பவன், லீவில் விருந்துக்கு வந்திருந்தான். அதே மெடல் அவனிடமும் இருந்தது. மூச்சு முட்டும் சியாச்சின் பனிமலையில் மாதக்கணக்கில் கிடந்து வாங்கியது.

அவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாமா, இந்த மெடல் வாங்கப் பனிமலையில இத்தன நாளு இருந்திருக்கணும்னு கணக்கிருக்கே. நீங்க எம்புட்டு நாளு இருந்தீக?"

"ஒரு வாரங்கூட இல்ல மாப்ளே!" என்றார் யோகராஜ், ஆட்டத்தை நிறுத்தாமல்.

மாரீஸ்வரனின் முகம் சுருங்கியது. "அப்ப அது ஒங்களுக்கு வராதே மாமா. வேற யாரோடதையோ மாத்தி அனுப்பிட்டாங்களோ?"

மேளம் நின்றது. குலவை நின்றது. லிங்கேஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டார். புது மருமகனிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

யோகராஜ் இறங்கவில்லை. பானட்டிலேயே உட்கார்ந்தார். இடதுகால் பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டினார். வாரைத் தளர்த்தினார். முட்டிக்குக் கீழே இருந்த காலைக் கழற்றி அவனிடம் நீட்டினார்.

"செத்த பிடி மாப்ளே."

மாரீஸ்வரன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"மேல ஏறுன அந்த வாரமே பனிப் பொளவுக்குள்ள விழுந்துட்டேன். தூக்கும்போது காலு கருத்துப்போச்சு. நாளு பத்தாதேன்னு நானும் இம்புட்டு வருசமாக் கேக்காமயே இருந்துட்டேன். போன வருசந்தான் போடியில ஒரு பழைய சுபேதார் சொன்னாரு. அடிபட்டு எறங்குனவனுக்கு நாள் கணக்கே கெடையாதாம்!"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கேட்டிருந்தா அப்பவே வந்திருக்கும். வாயத் தொறந்தாத்தான இந்த மனுசன்!" என்று மகாராணி அவர் முதுகில் ஓர் அடி போட்டாள். அவளுக்கும் சிரிப்புதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

மாரீஸ்வரன் விறைத்து நின்று சல்யூட் அடிக்கப் பார்த்தான். கையில் கால் இருந்தது.

"அதெல்லாம் பெறகு. வெரசாக் கொண்டா!" யோகராஜ் காலை வாங்கி மாட்டினார். வாரை இறுக்கினார். பானட்டின் மேல் எழுந்து நின்றார்.

"அடிங்கய்யா!"

மேளம் வெடித்தது. மகாராணி மாரீஸ்வரனைக் கூட்டத்துக்குள் இழுத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு கால்களும் ஓய்ந்துபோய், அவன்தான் முதலில் பெஞ்சில் வந்து விழுந்தான்.