மாடிவீட்டுச் சிக்கனம்

மில்வாக்கியில் ஜனவரிப் பனி. மாடிவீட்டுச் சொந்தக்காரர் கஸிமிர், வீட்டைச் சூடாக்கும் கேஸுக்கு வந்த பில்லோடு கீழ்வீட்டுக்கு இறங்கி வந்தார்.

"பாரும்மா லொரெட்டா, பதினாலே டாலர். சிக்கனம்னா என்னன்னு எங்கிட்ட கத்துக்கோ. ஜன்னலெல்லாம் வேர்க்குது, இது வீடா பேக்கரியா?"

லொரெட்டா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவர் திருப்தியாக மாடியேறினார்.

பனியனோடு வியர்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் ஹெர்ப் கடுகடுத்தான். "நம்ம பில் முன்னூறு டாலர். இதுல அந்தக் கிழவர்கிட்ட பேச்சு வேற வாங்கணுமா? நான் சூட்டைக் குறைக்கப் போறேன்."

"வேண்டாங்க. அவரோட ஹீட்டர் போன மாசமே செத்துப்போச்சு. ரிப்பேருக்கு வந்தவன் சொன்னான். புதுசு மாட்ட அவருக்கு வசதியில்ல. நாம கொடுத்தா வாங்கவும் மாட்டார்."

"அதுக்கு?"

"சூடு மேலதானே ஏறும்?"

ஹெர்ப் கொஞ்ச நேரம் கூரையையே பார்த்தான். பிறகு பனியனையும் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.