திரும்பி வரமாட்டார்

"கவர்மென்ட்டுக்காரங்க இறங்கி வந்துட்டாங்க, நெகீன் மேடம்! கேஸை வாபஸ் வாங்கினா போதும். வேற ஆபீசர் உங்க விண்ணப்பத்தை முதல்லேர்ந்து பார்ப்பாராம்."

டொரன்டோவிலிருந்து வக்கீல் லாலேயின் குரல் ஸ்பீக்கரில் துள்ளியது.

ஈரானின் ஹமதானில், சமையலறைத் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஹொஷங் பாபா நிமிர்ந்தார். 'சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு' என்று இரண்டு கைகளாலும் ஜாடை காட்டினார்.

நெகீன் அவரைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

காது கேளாத குழந்தைகளைப் பேசப் பழக்குவது அவள் வேலை. அதையே மேலும் இரண்டு வருடம் படிக்கக் கனடாவில் இடம் கிடைத்திருந்தது. விசாவைத்தான் மறுத்துவிட்டார்கள். 'விண்ணப்பதாரருக்குச் சொந்த நாட்டில் குடும்பம் என்று யாரும் இல்லை. படிப்பு முடிந்ததும் திரும்பிப் போவார் என்று நம்புவதற்கில்லை' என்று ஓர் அதிகாரி எழுதியிருந்தார்.

அதை எதிர்த்து அந்த நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டிருந்தாள்.

"வாபஸ் வாங்கினா அந்த வரி என்ன ஆகும்?"

லாலே தயங்கினாள். "அது ஃபைல்லயே கிடக்கும். தப்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா உங்களுக்கு விசா கிடைச்சா சரிதானே? கோர்ட்டுக்குப் போனா தோத்தும் போகலாம்."

"தெரியும். வாபஸ் வேணாம். விசாரணைக்கே போகலாம்."

போனை வைத்ததும் பாபா வெடித்தார்.

"கழுதைப் பிடிவாதம்! அந்த ஆபீசர் என்ன தப்பா எழுதிட்டான்? போனா வராதேன்னு நானும் தலைபாடா அடிச்சுக்கறேன். அவனுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லையே!"

மறுப்பு வந்த நாளிலிருந்து அவருக்கு இதே பாட்டுதான். டெஹ்ரான் சாலையில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். வழி கிடைத்தும் முந்தாமல் நிற்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"முப்பத்திநாலு வயசாச்சு உனக்கு. இங்க என்ன இருக்கு சொல்லு? ஒரு கிழவன், ஒரு ஃப்ரிட்ஜ். ரெண்டும் எப்ப வேணா நின்னுடும்."

"அங்க ஒருத்தரோட சண்டை போட்டா போதும்னு நினைச்சேன் பாபா. வீட்டுக்குள்ளயும் ஒருத்தரா?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே கீரைக்குத் திரும்பினார்.

விசாரணை வீடியோவில் நடந்தது. இவர்கள் கேமராவை அணைத்துவிட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் பாபா இஸ்திரி போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. எதிர்த்தரப்பு வக்கீல் வாயைத் திறந்தபோதெல்லாம் உச்சுக் கொட்டினார். போனால் வராதே என்று வீட்டுக் கூரை பிய்யக் கத்தியவர், இப்போது லாலே பேசப் பேசத் தலையாட்டினார்.

நடுவில் நீதிபதி காகிதங்களைப் புரட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, லாலேயிடம் ஏதோ கேட்டார்.

நெகீன் திரையை நோக்கிக் குனிந்தாள்.

"என்ன கேக்கறாங்க?"

"உங்களைப் பத்தி."

"என்னைப் பத்தியா? என்னைப் பத்திக் கேக்க என்ன இருக்கு?"

அவள் வால்யூமைக் கூட்டினாள்.

தீர்ப்பு வந்த அன்று ஊரில் முதல் பனி விழுந்திருந்தது. இருவரும் ரொட்டிக் கடை வரிசையில் நின்றிருந்தார்கள். போன் அடித்ததும் பாபாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜெயிச்சுட்டோம்! மறுப்பை ரத்து பண்ணிட்டாங்க. வேற ஆபீசர்தான் இனி முடிவு பண்ணணும்."

"அந்த வரி?"

"அதைத்தான் கிழிச்சுப் போட்டிருக்காங்க. இருங்க, நம்ம பாஷையில படிக்கிறேன்."

லாலே நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

'பெற்றோரை இழந்த இந்தப் பெண், கணவர் சியாமக் இறந்த பிறகும், அவருடைய தந்தையோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, அவரைப் பார்த்துக்கொண்டு வருகிறார். அவருக்காகத் திரும்பி வருவேன் என்று விண்ணப்பத்திலேயே சொல்லியிருக்கிறார். இதைப் படித்த பின்னும், குடும்பம் என்று யாரும் இல்லை என அதிகாரி எப்படி எழுதினார் என்பது இந்த நீதிமன்றத்துக்கு விளங்கவில்லை.'

பாபா போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பையன் பேரைச் சொன்னாங்களா, ஜட்ஜு?"

"சொன்னாங்க பாபா."

அவர் கம்பளித் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். முன்னால் வரிசை நகர்ந்துவிட்டது. பின்னால் நின்றவன், "நகருங்க பெரியவரே" என்றான்.

பாபா திரும்பினார்.

"அவசரப்படுத்தாதேப்பா. என் பொண்ணு ரெண்டு வருஷம் படிக்கப் போறா. அவ திரும்பி வர்ற வரைக்கும் நான் சாகாம இருக்கணும்."