ஓசி பஸ்

"பொம்பளைங்களுக்கு ஓசி பஸ் விட்டாலும் விட்டாங்க, என் பொழப்பு போச்சு. நீங்களே சொல்லுங்கக்கா, இது நியாயமா?"

ஆட்டோவைக் கிளப்பும்போதே ஆரம்பித்துவிட்டான் இராமச்சந்திரன். அக்ரஹாரம் ஸ்டாண்டில் காலையிலிருந்து காத்துக் கிடந்து, இப்போதுதான் முதல் சவாரி. ஹெப்பாளுக்கு என்று ஏறிய மாதேவி அந்தக் கன்னட ஊரில் தமிழில் பேசியதும் அவனுக்கு மனசு திறந்துகொண்டது.

"முன்னெல்லாம் மார்க்கெட்டுக்குப் போற பொம்பளைங்க நம்ம வண்டியிலதான் வருவாங்க. இப்ப எல்லாரும் பஸ்ல. என் பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். எனக்கு எந்த சர்க்கார் என்ன கொடுத்துச்சு? வாடகை வண்டி ஓட்டித்தான் இந்தச் சொந்த வண்டி வாங்குனேன். சும்மா கொடுத்தா ஜனங்க சோம்பேறி ஆயிடுவாங்கக்கா."

கண்ணாடியில் அவள் முகம் வாடுவது தெரிந்தது.

"எங்க வூட்டுக்காரர் போனப்புறம் ஹெப்பாள்ல வூட்டு வேலைக்குப் போனனுங்கண்ணா. கூலியில பாதி பஸ்ஸுக்கே போயிரும். ஓசி பஸ் வந்த பொறகுதான் அந்தக் காசு கையில நின்னுச்சு. அது உங்க வவுத்துல அடிச்சு வந்ததுன்னு எனக்குத் தெரியாதுங்க."

இராமச்சந்திரனுக்குச் சுருக்கென்றது.

"ஐயோ, உங்களச் சொல்லலக்கா. நீங்க உழைச்சுச் சாப்பிடறவங்க."

"உழைப்பு முன்னாலயும் இருந்துச்சுங்கண்ணா. மிச்சந்தான் இல்ல."

ஹெப்பாள் வந்ததும், "எந்த வீடுக்கா?" என்றான்.

"வூடு இல்லீங்க. அதோ, அந்தக் கடை முன்னால நிறுத்துங்க."

நிறுத்தினான். கடை வாசலில் புது ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. உள்ளிருந்து வந்த ஊழியர், "வாங்க மேடம், உங்க வண்டி ரெடி" என்று சாவியை நீட்டினார்.

இராமச்சந்திரன் திகைத்துப்போய்ப் பார்த்தான். மாதேவி வாடகைப் பணத்தை அவனிடம் கொடுத்தபடி தயங்கினாள்.

"பாதி மிச்சம் புடிச்சது, மீதி பேங்க் லோனுங்க. ஓட்டக் கத்துக்கப் போனதும் அதே ஓசி பஸ்லதான். நாளைக்கு உங்க ஸ்டாண்டுலதான் வண்டியப் போடலாம்னு இருந்தனுங்க. இப்ப, நீங்க சொன்னதக் கேட்டப்புறம்..."

அவன் சாவியைப் பார்த்தான். பிறகு பணத்தை அவள் கையிலேயே திருப்பி வைத்தான்.

"வெச்சுக்குங்கக்கா. எங்க ஸ்டாண்டுல டிரைவருங்ககிட்ட டிரைவருங்க காசு வாங்குறதில்ல."